கண்ணாடியைத் தட்டிய கை

பெப்ரவரி 9, ஞாயிறு

ஆளுநராகி ஏழு மாதம். பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, வாத்தியாராகி, தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் கையில் கிடைத்தது ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோல். கிண்டலுக்குத்தான் எழுதுகிறேன். கார் முன்னால் கொடி ஆடும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

வருகிற சனிக்கிழமை எங்கள் தோட்டத்திலேயே மருந்தகம் திறக்கிறேன். கூடப்பிறந்த தெரேசா அக்கா போன் பண்ணியது. மருந்தகத்துக்குப் பக்கத்து மரத்தில் பெரிய குளவிக்கூடு தொங்குகிறதாம், அங்கே வெடி கட்ட வேண்டாமாம். ஏற்பாடெல்லாம் பார்க்கிற யுகேஷிடம் சொன்னேன். "வெடி போடாட்டி ஆளுநர் வந்தாருன்னு யாருக்கு சேர் தெரியும்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 15, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் காரைவிட்டு இறங்கவே இல்லை. வெடிச்சரம் முடிவதற்குள் மரத்திலிருந்து குளவி இறங்கிவிட்டது. மாலையோடு நின்ற பெண்கள், தப்படித்தவர்கள், எல்லோர் தலையிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. ஆட்கள் சாக்கடைக் கானுக்குள் விழுந்து சேற்றில் புரண்டார்கள். ஒரு பெண் தன் தலைமயிரைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்தாள். கொஞ்சப் பேர் ஓடிவந்து கார்க் கதவுகளை இழுத்தார்கள். என் பக்கக் கண்ணாடியை அக்கா தட்டியது. இமையெல்லாம் குளவி. வாயைத் திறந்தபோது வாய்க்குள்ளும். "தம்பி, தொறடா."

டிரைவர் ஹாஷிம் பயந்துபோய்க் காரை எடுத்துவிட்டார். டயருக்கடியில் ஏதோ நொறுங்கியது. கீழே விழுந்த தப்பு மேளம் என்று நினைத்தேன். தப்படித்தவருடைய காலாம்.

பெப்ரவரி 16

விடியுமுன் கண்டி ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டது.

பெப்ரவரி 18, செவ்வாய்

அடக்கத்துக்குப் போயிருக்கக் கூடாது. பொலிஸ் இல்லாமலாவது போயிருக்க வேண்டும்.

மாதா கோயில் வாசலிலேயே முதல் கல் விழுந்தது. அக்காவின் புருஷன் வின்சன்ட் மச்சான் பெட்டியை விட்டுவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்தார். பிடித்து உலுக்கினார், அவ்வளவுதான். காவலுக்கு வந்த பொலிஸ்காரன் பொல்லால் அவர் மண்டையில் போட்டான். பிறகு எல்லாப் பொல்லும் இறங்கியது. கிழவி, குமரி என்று பார்க்கவில்லை. தூக்கியவர்கள் சிதறப் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து சேற்றில் இடித்தது. வெள்ளைத் துணியில் மச்சானுடைய இரத்தம். என்னை இழுத்துக் காருக்குள் தள்ளினார்கள். மறுபடியும் கார்.

சாயந்தரம் செயலாளர் அறிக்கை கொண்டுவந்தார். சாரதி என்னைக் கேட்காமலே வாகனத்தைச் செலுத்தினாராம். ஹாஷிமை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறதாம். கையெழுத்துப் போட்டேன்.

பெப்ரவரி 21

ஹாஷிமை வெட்டிவிட்டார்கள்.

பெப்ரவரி 22, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹாஷிமுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. தோளிலிருந்து முழங்கை வரை தையல். துக்கம் கேட்கத் தனியாகப் பன்விலவுக்குப் போயிருக்கிறார் மனுசன். அறிக்கையைப் பத்திரிகையில் படித்திருந்தவர்கள் அவரை லயத்துக்கு முன்னால் மடக்கி, கவ்வாத்துக் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். தேயிலைச் செடியின் தண்டை ஒரே வீச்சில் துண்டாக்குகிற கத்தி அது. விரல் எந்த மூலைக்கு?

ஏன் போனீங்க என்று கேட்டேன். மையத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா என்றார். வெட்ட வந்தவர்களிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் சொல்லல்ல சேர். நீங்களே சொல்லுவீங்கன்டு இருந்தன்."

பதினைந்தாம் தேதி இதே கொப்பியில் நான் எழுதியது பொய். எனக்கு நானே எழுதுகிற இடத்தில்கூடப் பொய்! ஹாஷிம் பயப்படவில்லை. "தொறக்கவா சேர்?" என்று பூட்டில் கையை வைத்தார். "தொறக்காதீங்க, எடுங்க" என்றேன். "சேர், ஒங்கட ராத்தா" என்று திரும்பிப் பார்த்தார். முதுகில் ஓங்கிக் குத்தினேன். அப்புறம்தான் எடுத்தார்.

அது அக்கா என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குத்தினேன். ஒரு குளவி உள்ளே வந்துவிடுமே என்ற பயம்... வேறொன்றும் இல்லை.

பெப்ரவரி 24, திங்கள்

பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதவி விலகல் கடிதம் கொழும்புக்குப் போய்விட்டது. கொடியைக் கழற்றிவிட்டார்கள்.

மார்ச் 20, வியாழன். அம்பிட்டிய, சொந்த வீடு

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் கிறுக்குகிறேன்.

முந்தாநாள் அக்காவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை. கண்டி குட்ஷெட் நிலையத்தில் பஸ் ஏறிப் போனேன். மருந்தகம் பூட்டியே கிடக்கிறது. கூட்டை யாரோ எரித்திருக்கிறார்கள், மரம் பாதி கருகி நிற்கிறது. அதைத் தாண்டும்போது பின்னாலிருந்து முதுகில் உதைத்தார்கள். விழுந்ததும் விறகுக்கட்டையால் கை, விலா, முகம். ஒருத்தன் அடிக்க அடிக்க அழுதான். தப்படித்தவரின் மகன், அடையாளம் தெரிந்தது. யார் அடித்தது என்று நேற்று பொலிஸ் வந்து கேட்டபோது, பார்க்கவில்லை என்றேன்.

அவர்கள் போன பிறகு அக்கா வீடு வரை ஊர்ந்து போனேன். கதவு சாத்தியிருந்தது. ஆளுநரானதும் நான் போட்டுக்கொடுத்த கண்ணாடி ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்தது, மச்சான் நின்றார், தலையில் இன்னும் கட்டு. எழும்பி நின்று கண்ணாடியைத் தட்டினேன். வாயில் இரத்தம் நிறைந்து பேச்சு வரவில்லை.

மச்சான் ஜன்னலுக்குக் கிட்ட வந்தார். என்னை நன்றாகப் பார்த்தார். தொறக்கல்ல.