மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஏணி

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அப்பா இருபத்தாறு வருஷம் பிரசங்கம் செய்த ஆலயத்தை நீ ஓவியக் கூடமாக மாற்றுகிறாயாம். அதையும் அடுத்தவர் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. கட்டடக் கலை படித்த உனக்கு வேறு கட்டடமே கிடைக்கவில்லையா? திறப்பு விழாவுக்கு என்னை எதிர்பார்க்காதே.

அண்ணன்

மார்ச் 11

கோபக்கார அண்ணாவுக்கு,

உன்னிடம் சொல்லாதது என் தப்பு. மாற்றுவது தப்பில்லை. கடைசி ஆராதனைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களே கூடிப் பேசி, பக்கத்து ஆலயத்தோடு சேர்ந்துகொண்டு, சாவியை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். அப்புறம் ஏழு வருஷம் பூட்டு. நகராட்சி இந்த வேலையை என்னிடம் கொடுத்து நான் உள்ளே போனபோது கூரையில் ஆள் நுழையுமளவு ஓட்டை, பிரசங்க மேடையில் புறாக்கூடு. நீ ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா?

வேலை பாதி முடிந்ததும் பயந்துகொண்டேதான் அம்மாவைக் கூட்டிப்போனேன். முன் பெஞ்சில் உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "உங்கப்பா இருந்தா முதல்ல அந்த ஓட்டையத்தான் அடைக்கச் சொல்லியிருப்பாரு. அதான் அடைச்சிட்டியே, இன்னும் எதுக்கு முழிக்கிறே?" என்றாள்.

மேடை அப்படியே இருக்கும். சுவரில் படங்கள் வரும். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நேரில் வந்து திட்டு.

வாயாடி

மே 20

வாயாடிக்கு,

போன வியாழக்கிழமை, நீ இல்லாத நேரம் பார்த்து வந்தேன். திட்டுவதற்கு எல்லாம் தயாராகத்தான் வந்தேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஓவியர் ஏணியில் நின்று படம் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், சும்மா நிக்காம நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

"வலது பக்கம் தூக்கும்மா!" என்று கத்தினேன். குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. அங்கே பாடகர் குழுவை நடத்தியவன் நான். அப்பாவை அடக்கம் செய்த அன்று பாடியதோடு சரி.

"குரல் கணீர்னு இருக்கே, பாடுவீங்களா?" என்று கேட்டார் ஓவியர்.

பாடினேன். ஒரே ஒரு பாட்டு.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்குக் கொடு. பழைய குழுவில் நாலு பேரிடம் பேசிவிட்டேன். கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்

மே 24

என் அருமைப் பாடகருக்கு,

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. வாசல் பலகையில் எழுதியாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது.

படங்களைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பிடிக்கவில்லை என்று புரிகிறது. பரவாயில்லை. நீ பாடும்போதும் அவை சுவரில்தான் இருக்கும்.

வாயாடி