வயிற்றில் ஒரு வாய்

மார்ச் 4
வீட்டுக்கு வந்தாயிற்று. குடலில் இருந்த கட்டியை வெட்டிவிட்டு, வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு துளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மலம் இனி அந்த வழியாகத்தான். மேலே ஒரு பை ஒட்டியிருக்கிறது. நர்ஸ் சிரித்துக்கொண்டே அதைப் 'புது வாய்' என்கிறாள். ஈரமாய், சிவப்பாய், தானாகவே அசைகிறது. பார்த்ததுமே ஓங்கரித்தேன்.

மார்ச் 5
சீ.

மார்ச் 9
என் வீட்டுக்காரர் அறைக்குள் வந்ததும் முதலில் ஜன்னலைத் திறக்கிறார். "காத்து வரட்டுமேன்னுதான்" என்கிறார். யாரை ஏமாத்துறாரு? பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கே சுத்தம் பார்க்கிற சூப்பர்வைசர் நான். இப்போது நடமாடும் கக்கூஸ்.

மார்ச் 12
பை கசிந்துவிட்டது. நைட்டி, மெத்தை, விரல் இடுக்கு — எல்லாம். அவர் வேலைக்குப் போயிருந்தார். மாடியிலிருந்து ஓர்ப்படி இறங்கி வந்தாள். இவளை எனக்கு எப்போதுமே ஆகாது. மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துவிட்டு அதே கையால் சாதம் போடுகிறவள். அவள்தான் என்னைத் துடைத்தாள், பையை மாற்றினாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள் — கவனித்தேன். முடித்ததும் பாத்ரூமுக்கு ஓடினாள். குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள். எனக்குக் கேட்கக் கூடாதாம். கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. ஆபரேஷன்லயே போயிருக்கலாம்.

மார்ச் 13
கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. சாப்பாட்டையும் வேண்டாம் என்றுவிட்டேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்?

மார்ச் 15
பாத்ரூமில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தால் தலை அவள் மடியில்.

"எதுக்குக்கா பட்டினி கெடக்குறீங்க?"

"உனக்குக் குமட்டுதுல்ல? அன்னிக்கு நீ வாந்தி எடுத்தது எனக்குக் கேட்டுச்சு."

இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வாள் என்று நினைத்தேன்.

"ஆமா, குமட்டுது. பொய் சொல்லணுமா? என் புள்ளைக்குக் கழுவி விடும்போதும் குமட்டத்தான் செஞ்சுது. அதுக்காகத் தூக்கியா எறிஞ்சேன்? குமட்டுறது மூக்குக்கு. உங்களை எனக்குப் பிடிக்காமப் போனது வேற விஷயம்."

"அது என்ன விஷயம்?"

"நான் தண்ணி குடிச்ச டம்ளரை என் கண்ணு முன்னாலயே ரெண்டு தடவை தேய்ப்பீங்களே, அது."

பால் ஆற்றிக் கொடுத்தாள். குடித்தேன். வேறென்ன செய்வது?

மார்ச் 16
நாள் முழுக்க ஒரே யோசனை. யார் முகத்தைப் பார்த்தாலும் 'இவள் அசிங்கம்' என்றுதான் படிக்கிறேன். அதை அங்கே எழுதி வைத்தது யார்? நான்தானா? குமட்டிக்கொண்டே ஒருத்தி கூட இருப்பாள் என்பது என் புத்திக்கு ஏன் எட்டவே இல்லை?

அவரிடம் நேராகவே கேட்டேன். "நாத்தத்துக்குத்தானே ஜன்னலைத் திறக்குறீங்க?"

தலையைக் குனிந்துகொண்டு "ஆமா" என்றார்.

"அப்போ இன்னொன்னையும் திறங்க. எனக்கும்தான் நாறுது."

திறந்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மார்ச் 24
முதல்முறையாக நானே பையை மாற்றினேன். அருவருப்பு போய்விட்டதா? எங்கே போக! மூக்கில் துணி கட்டிக்கொண்டு, "சனியனே, ரெண்டு நிமிஷம் சும்மா இரேன்" என்று அதைத் திட்டிக்கொண்டே மாற்றினேன். இரு முறை தப்பாக ஒட்டினேன், மூன்றாவதில் சரியாக ஒட்டியது.

மே 6
வேலையில் சேர்ந்துவிட்டேன். காலையில் மிஷின் போடும் முன்னால் பெண்கள் எல்லாரும் வரிசையாக நிற்க, நான் தலையுறையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அமைதியில் என் வயிற்றிலிருந்து சத்தம். சின்னச் சத்தமும் இல்லை, நீளமாக. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். காது இரண்டும் கொதித்தது. வாசல் பக்கம் கால் திரும்பியே விட்டது.

"நான்தான்" என்றேன். "வயித்துல பை வச்சிருக்காங்க. சத்தம் வரும், அடக்க முடியாது. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோங்க."

கடைசியில் நின்றவள் குபீரென்று சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் அவளைக் கிள்ளினாள். ஒருத்தி மூக்கைச் சுளித்ததும் தெரிந்தது. சுளிக்கட்டும், அவள் மூக்கு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சுவிட்சைத் தட்டினேன். பெல்ட் ஓடத் தொடங்கியது.

மதியம் நல்ல பசி. இன்னொரு கரண்டி போட்டுச் சாப்பிட்டேன்.