அடுத்த பக்கத்து இரக்கம்

சேசு மரி சூசை

குவைத், தபசுகாலம் 1979

அன்புள்ள அப்பாவுக்கு, சவரிநாதன் தோத்திரத்தோட எழுதுறது. இருமல் தேவலையா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? நான் சொகம்தான், தூக்கம்தான் பிடிக்க மாட்டேங்குது.

ரூமில் ஒரு கூத்து நடந்துச்சு. தபசுகாலத்தில் நீங்க அழுதுகிட்டே சொல்லுவீங்களே, தாவீது ராசா மன்னிப்புக் கேட்ட அம்பதாம் சங்கீதம், அதை வாசிக்கலாம்னு கூட இருக்கிற நாகர்கோவில் ஜெபராஜோட பைபிளை வாங்கினேன். அவர் சி.எஸ்.ஐ. சபைக்காரர். வாசிச்சா, ஆண்டவர் திட்டித் தீர்க்கிறார்! ஜெபராஜ் சிரிச்சிட்டார். "எங்க பைபிள்ல நம்பர் ஒண்ணு கூடுதலா வரும், உங்க அம்பது எங்களுக்கு அம்பத்தொண்ணு. பக்கத்தைத் திருப்பு, இரக்கம் அடுத்ததுல இருக்கு."

அதிலேருந்து மனசு ஒரு இடத்தில் நிக்கலை. அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கிட்டு, அவ புருசனையும் சாகடிச்ச ராசாவையே ஆண்டவர் தள்ளிடலை. தங்கச்சி சலோமி செஞ்சது, நீங்க வேணாம்னவனைக் கட்டிக்கிட்டது, அவ்வளவுதானே அப்பா?

யாராச்சும் இங்க வந்தா நார்த்தங்காய் ஊறுகாயும், அம்மா தைச்ச தலையணை உறை ஒண்ணும் கொடுத்து விடுங்க. துவைக்காம இருந்தாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போற வண்டி வந்துடுச்சு. பாஸ்கா திருநாள் அன்னிக்கு சலோமி அவ இருக்கிற பூவத்திலேருந்து வருவா. நான்தான் வரச் சொல்லி எழுதியிருக்கேன். அவளைக் கண்டதும் வாயைத் திறக்காதீங்க அப்பா, கதவைத் திறங்க.

உங்க மகன்,
சவரி