ஆறாவது பெல்லட்

விருதுநகர்,
2.11.2025

அன்புள்ள அருணாதேவிக்கு,

மாரிச்செல்வி எழுதுவது. கொரியாவுக்குக் கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகுமாம். தபால் ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அங்கே குளிர் தொடங்கிவிட்டதா?

இங்கே தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகளுக்கு லீவு. அம்மா நாரணாபுரத்தில் வீட்டோடு இருக்கிறாள். போன் போட்டால், "அருணாவுக்கு அங்கன சோறு கிடைக்குதாடி?" என்றுதான் முதலில் கேட்கிறாள். நான் ஊருக்குப் போகவில்லை. ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. லேபிலும் நான் ஒருத்திதான். சில நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது.

ஆகஸ்டில் நீ அனுப்பிய செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். நம் ஆராய்ச்சிப் பேப்பரில் வந்த முடிவு அங்கே எத்தனை தடவை செய்தும் வரவில்லை, உனக்கு வேலையே தெரியாது என்று பேராசிரியர் நினைக்கிறார், திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். தைரியமாக இரு என்று மட்டும் பதில் போட்டேன். பிறகு நாம் பொடியை அழுத்திச் சுட்ட பழைய பெல்லட் வில்லைகளை எடுத்து அளந்தேன்.

லாந்தனம் சேர்க்கச் சேர்க்க இரும்பு கலந்த நம் ஃபெரைட்டின் மின்தடை ஏறிக்கொண்டே போய், ஆறாவது பெல்லட்டில் மட்டும் சட்டென்று விழுகிறது என்பதுதானே நம் பேப்பரின் பெருமை! உனக்குக் கொரியாவில் இடம் கிடைத்ததும் அதனால்தான். செப்டம்பர் வெயிலில் அளந்தபோது அது விழவே இல்லை. மற்ற ஐந்தையும்போல ஏறியது. எலக்ட்ரான் ஒரு இரும்பு அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குத் தாவுவதை லாந்தனம் மறிக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபரில் மூன்று நாள் விடாத மழை. அப்போது உலர்த்தாமல் அளந்து பார்த்தேன். பேப்பரில் போட்ட அதே எண் வந்தது. ஆறாவதில் நுண்துளைகள் அதிகம், ஈரத்தைக் குடித்துவிடுகிறது. ஓவனில் வைத்து எடுத்தேன், தடை மறுபடி ஏறிவிட்டது.

பழைய நோட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. அன்று உனக்குக் காய்ச்சல். "நல்லா காயவச்சுட்டு அளந்துருடி" என்று படுக்கையிலிருந்து போனில் சொன்னாய். வெளியே மழை. ஊருக்குப் போக நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் காயவைக்கவில்லை. ஆனால் நோட்டில் 'உலர்த்தியது' என்று டிக் போட்டேன். நீ அந்த டிக்கை நம்பினாய்.

சீனிவாசகம் சாரிடம் சொன்னேன். நம் இருவருக்கும் கைடு என்பதால் அவர் பெயரும் பேப்பரில் இருக்கிறதே. என் தீசிஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். நானும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. முந்தாநாள், தவறு என்னுடையது மட்டும்தான் என்று ஜர்னலுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து சார் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அளவுகளை எல்லாம் இன்றே உனக்கு மெயிலில் அனுப்புகிறேன். இது வருவதற்குள் உன் பேராசிரியரிடம் காட்டியிருப்பாய். மெயிலில் எழுத வராததைத்தான் இங்கே எழுதுகிறேன். எட்டு மாதம் நீ உன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு அந்த ஊரில் தனியாக இருந்தாய். அதற்குக் காரணம் நான். அருணா, உன்னைவிடக் கவனமாக வேலை செய்கிறவளை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்துவிடாதே.

நீ என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம்தான். ஆனாலும் திட்டுவதற்காகவாவது ஒருமுறை கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. எடுத்த காரியம் உனக்கு நல்லபடியாகக் கைகூடட்டும்.

நீ விலக்காதவரை உன் தோழி,
மாரிச்செல்வி