வாசிகசாலையில் ஒரு தேயிலைக் கறை

என் அன்பு அப்பாவுக்கு,

நம் பஜார் லைப்ரரிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

லைப்ரரி என்று நீங்கள் சொன்னதே இல்லை. சின்ன வயதில் சிலோனிலிருந்து கொண்டுவந்த சொல்தான் உங்களுக்கு, வாசிகசாலை. "என்ன மாமா, சிலோனுக்கா கெளம்பிட்டீங்க?" என்று, உங்களைப் போலவே அங்கிருந்து வந்த லயத்து வீட்டுக்காரர்களே கிண்டல் செய்வார்கள். "ஆமா, கப்பல் டிக்கெட் இல்லாமப் போறேன்" என்பீர்கள்.

உண்மையில் அங்கேதானே போனீர்கள்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசிகசாலையின் அந்தப் பெரிய அட்லஸை விரித்து, சிலோன் படத்தில் அட்டன் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, பெயரே போடாத இடத்தில் விரலை வைப்பீர்கள். "இந்தா மகள், இங்கதான் எங்க தோட்டம்." ஃபேக்டரியில் தேயிலை அள்ளிக் கறுத்த விரல். வைத்து வைத்து அங்கே ஒரு பழுப்புக் கறை.

போன வாரம், கம்ப்யூட்டர் மேசைக்கு இடம் வேண்டுமென்று பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டி வைத்திருந்தார் லைப்ரரி அண்ணன். கட்டின் மேலே நம் அட்லஸ்.

பஸ்ஸில் ஸ்டாப் வந்தால்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள் நான். அன்றைக்கு வாய் திறந்தேன், அப்பா.

"அண்ணா, இது வேணுமுங்க."

"மேப்பெல்லாம் போன்லயே இருக்குதுங்க அம்மிணி. இதுல பாதி நாடு பேரே மாறிப்போச்சு. கறை வேற."

"கறை இல்லீங்கண்ணா. எங்கப்பா பொறந்த இடமுங்க."

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்களே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க."

போனில் உங்கள் தோட்டத்தைத் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. அதனால் அட்லஸைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். அங்கேயே ஒருமுறை விரித்தேன். உங்கள் கறையைச் சுற்றி இன்னும் எத்தனை கறைகள்! உங்களைக் கிண்டல் செய்தவர்களும் பின்னாலேயே வந்து, அவரவர் பிறந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்களே. அத்தனை பேர் ஊரையும் நம் வீட்டுப் பெட்டிக்குள் எப்படிப் பூட்டுவது?

திரும்பிப் போய், "இங்கயே இருக்கட்டுமுங்க" என்றேன். அண்ணன் கம்ப்யூட்டர் மேசையைச் சுவரோரம் தள்ளினார். இப்போது இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் போட எனக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தானே வேண்டும்?

ஞாயிறுதோறும் போய் அட்லஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், அப்பா. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், வாசிகசாலைக்கு என்றே சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

கப்பல் டிக்கெட் இல்லாமல் உங்களோடு வந்துபோகும்,
உங்கள் மகள்