இருமல் இல்லாத கச்சேரி

ஞாயிறு, இரவு.

எரிச்சல் அடங்கவில்லை. என் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனதால், சேலையூர் டேவிட்டிடம் கொடுத்திருந்த பங்க் ராக் இசைக்குழு ஒன்றின் கச்சேரிப் பதிவைத் திருப்பிக் கேட்டேன். எவனோ ஒருவன் லண்டன் கூட்டத்தில் நின்று, டேப் ரெக்கார்டரைச் சட்டைக்குள் ஒளித்துப் பதிவு செய்தது.

“மச்சான், நாய்ஸ் எல்லாம் க்ளீன் பண்ணி நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். செமயா இருக்கு!” என்றான்.

“ஒரிஜினல் எங்கடா?”

“அது எதுக்கு? டெலீட் பண்ணிட்டேன்.”

பாவி! போட்டுக் கேட்டேன். கூச்சல் இல்லை, பாட்டில் உடையும் சத்தம் இல்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் டேப்காரன் இருமுவான், அதுவும் இல்லை. குரூப்பில் ஆளாளுக்கு நன்றி சொல்கிறார்கள்.

அந்த இசைக்குழு பாடிய பதிவுகள் எத்தனையோ கிடைக்கும். இருமியவன் இது ஒன்றில்தான் இருந்தான்.