ஏறச் சொன்னீர்கள், ஆறச் சொல்லவில்லை

அன்பான அண்ணை,

நாங்கள் மறுபடியும் தோற்றுவிட்டோம். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? நீங்கள் தொடங்கிய பெண்கள் உதைபந்தாட்ட அணியை இப்போது நான்தான் நடத்துகிறேன். ஹவுன்ஸ்லோ மைதான ஓரத்தில், மகள் தள்ளுவண்டியில். அவளுக்குச் சளி பிடிக்குமோ என்று ஒரு கண், பந்தில் ஒரு கண்.

உங்கள் ஆட்டத்தைத்தான் ஆடுகிறோம். பந்தை இழந்ததும் பின்னுக்கு ஓடாமல், எதிரணியின் கோலடியிலேயே போய் நெருக்கிப் பறிப்பது. நீங்கள் "ஏறு" என்றால் எல்லாரும் முன்னுக்கு ஏறுவோம். முதல் பாதியில் அது இப்போதும் அழகுதான். எதிரணியினர் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல், பதறி எங்கள் காலுக்கே பந்தைத் தருகிறார்கள். போன ஞாயிறும் அப்படித்தான் முதல் கோலை அடித்தோம்.

பிறகு கால்கள் களைத்துவிடும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் நெருக்குதல் உடைந்துபோகும். எங்களுக்குப் பின்னால் பாதி மைதானம் வெறுமையாகக் கிடக்கும். இரவு வேலை முடித்து வருகிறவர்களும் பிள்ளை பெற்றவர்களும் எவ்வளவுதான் ஓடுவது?

அதைப் பார்த்துத்தான் "ஆறு, ஆறு" என்று கத்தினேன். ஏறாமல் கொஞ்சம் ஆறுங்கோ என்றுதான் நினைத்துச் சொன்னேன். ஆறாம் இலக்கச் சட்டை போட்ட கவிதா இந்த நாட்டிலேயே பிறந்தவள், ஆறு என்றால் அவளுக்கு இலக்கம் மட்டும்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று பின்வரிசையை விட்டு முன்னுக்கு ஓடினாள். அவள் விட்ட இடத்தால் கோல் விழுந்தது. அதன்பிறகு இன்னும் இரண்டு.

"நீங்கள்தானே அக்கா ஆறு எண்டு கூப்பிட்டனீங்கள்?" என்று அழுதுகொண்டே கேட்டாள். "அப்ப நிக்கச் சொல்லுறதெண்டா என்ன சொல்லுவீங்கள்?"

அதற்கு எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை, அண்ணை. விமான நிலைய ஷிப்ட் முடிந்து நேரே பயிற்சிக்கு வருவீர்கள். கொஞ்சம் ஆறுங்கோ என்றால் சிரிப்பீர்கள். அந்த நெஞ்சு நின்றுபோவதற்கு முன் எத்தனை நாளாக வலித்தது? ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?

அணிப் பிள்ளைகள் இனிப் பின்னுக்கு நின்று ஆடுவோம் என்கிறார்கள். மாற்றாவிட்டால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள், அணி இருக்காது. மாற்றினால் மைதானத்திலும் நீங்கள் இல்லாமல் போய்விடுவீர்கள். இதில் எதை நான் தாங்குவேன்?

வருகிற ஞாயிறு அவர்களைப் பின்னுக்கு நிற்கச் சொல்லப்போகிறேன். ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். அண்ணையும் இதைத்தான் விரும்பியிருப்பார் என்று அவர்களிடம் சொல்லமாட்டேன். நீங்கள் விரும்பியிருக்கமாட்டீர்கள்.

உங்கள் ஒரே தங்கை,
சுமதி